குளம் நிறைந்திருக்கிறது, கடைசி வயல் ஏன் காய்கிறது? புற்றுநோயில் ‘ஏற்றத்தாழ்வு’ பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒக்டோபர் வந்தால் திருகோணமலை நகரிலும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கான இளஞ்சிவப்பு ரிபன் கண்ணில் படும். ஒரு நடைபவனி, ஒரு பதாகை, மண்டபத்தில் ஒரு கருத்தரங்கு, தேநீர், படம். எல்லாம் முடிந்த பிறகு யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார்: “எவ்வளவு சொன்னாலும் எங்கட சனத்துக்கு விழிப்புணர்வு இல்லை.”

அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ ஒரு பெண் மார்பில் கட்டியோடு எட்டு மாதம் பிந்தி வைத்தியசாலைக்கு வந்தால், பிழை அவருடைய தலைக்குள் இருக்கிறது என்று அந்த வசனம் முடிவு கட்டிவிடுகிறது. அவர் வந்த வழியை யாரும் நடந்து பார்ப்பதில்லை.

‘புற்றுநோய் ஏற்றத்தாழ்வு’, ‘பின்தங்கிய சமூகம்’, ‘அவுட்ரீச்’ ஆகிய மூன்று சொற்களும் திட்ட அறிக்கைகளில் தாராளமாகப் புழங்குகின்றன. ஆளுக்கொரு பொருளில் பேசுகிறார்கள். மருத்துவம் படிக்காதவருக்கும் விளங்கும்படி அவற்றைப் பிரித்துப் பார்ப்போம். வைத்தியசாலைக்குப் போகுமுன் வயலுக்குப் போய்வருவது நல்லது.

## தம்பலகாமத்து வாய்க்கால்

கந்தளாய்க் குளம் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தம்பலகாமத்தில் வாய்க்காலின் கடைசியில் வயல் செய்கிறவரைக் கேட்டால் கதை வேறு. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது அவருக்குச் செய்தியே இல்லை. தன் வரம்புக்குள் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதுதான் செய்தி. நடுவில் ஓரிடத்தில் கரை உடைந்திருக்கும். இன்னோரிடத்தில் ஆற்றுவாழை அடைத்திருக்கும். வேறோரிடத்தில் மேல்வயல்காரர் வேளைக்கே மறித்துக் கட்டியிருப்பார். ஒவ்வொன்றும் சின்ன விஷயம். எல்லாம் சேர்ந்தால் கடைசி வயல் வெடித்துப் போகும்.

தண்ணீரின் அருமை தெரியாததால்தான் அந்த வயல் காய்ந்தது என்று அந்த விவசாயியிடம் சொல்லிப் பாருங்கள், மண்வெட்டியோடு வருவார்.

இலங்கையின் புற்றுநோய்ச் சிகிச்சையும் ஒரு குளம்தான். அரச வைத்தியசாலைகளில் அது இலவசம். மகரகமவில் தேசியப் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, வடக்கே தெல்லிப்பழையில் 2013இல் திறந்த மருத்துவமனை இருக்கிறது. இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. பல நாடுகளில் இந்தக் குளமே கிடையாது. ஆனாலும் குளம் இருப்பதும் தண்ணீர் வந்து சேர்வதும் ஒன்றல்ல.

## வித்தியாசம் வேறு, ஏற்றத்தாழ்வு வேறு

எல்லா வேறுபாடும் அநியாயம் இல்லை. இருபது வயதுக்காரரை விட எழுபது வயதுக்காரருக்குப் புற்றுநோய் வரும் சாத்தியம் கூட. மார்பகப் புற்றுநோய் ஆண்களை விடப் பெண்களுக்கு மிக மிக அதிகம். உடம்பின் இயல்பால் வரும் இவை வெறும் வித்தியாசங்கள்.

இப்போது இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒரே வயது, மார்பில் ஒரே அளவு கட்டி. ஒருவர் திருகோணமலை நகரில் ஆசிரியை. மற்றவர் வெருகல் பக்கம் வயலில் கூலி வேலை செய்கிறவர். ஆசிரியைக்கு மூன்று வாரத்தில் என்ன நோய் என்று தெரிந்துவிடுகிறது. மற்றவருக்குத் தெரியப் பத்து மாதம் ஆகிறது. இருவரின் உடம்புக்கும் இந்த இடைவெளியில் பங்கில்லை. அது பணம், தூரம், மொழி, வேலை, பழக்கம் ஆகியவற்றால் வந்தது. மனிதர்கள் நினைத்தால் குறைக்கக்கூடியது. இப்படி, தவிர்த்திருக்கக்கூடிய காரணங்களால் ஒரு கூட்டத்தார் மற்றவர்களை விட அதிகமாக நோயுறுவதும், பிந்திக் கண்டுபிடிக்கப்படுவதும், அதிகமாக இறப்பதும்தான் ஏற்றத்தாழ்வு.

‘பின்தங்கிய சமூகம்’ என்ற சொல்லோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டால் ஏதோ அந்த மக்கள்தான் நடக்கத் தெரியாமல் பின்னால் நின்றுவிட்டார்கள் என்று தோன்றும். சொல்ல வருவது ‘சேவை போய்ச் சேராத சமூகம்’ என்பதுதான். பின்தங்கியது வயல் இல்லை, தண்ணீர்.

வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஒரு சிற்றூரில் வைத்தியராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கே குறைவாகவும், எங்கே குறைவாகத் தேவையோ அங்கே தாராளமாகவும் கிடைக்கிறது என்றார் அவர். மருத்துவம் இலவசமாக இருந்த பிரித்தானியாவில் இருந்துகொண்டுதான் அவர் இதை எழுதினார் என்பதைக் கவனியுங்கள்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: இயல்பால் வருவது வித்தியாசம், வழியால் வருவது ஏற்றத்தாழ்வு. சிகிச்சை இலவசம் என்பதால் மட்டும் இரண்டாவது மறைந்துவிடாது.

## கோரை முளைத்த வயல்

சரி, பத்து மாதம் பிந்தினால் என்ன? சளிக்காய்ச்சலுக்கு ஒரு நாள் பிந்திப் போனாலும் குணமாகிறதே. புற்றுநோய் அப்படிப்பட்டதல்ல. ஏன் என்று விளங்க, அது எப்படி வளர்கிறது என்று தெரிய வேண்டும்.

நமது உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. கலம் என்றால் உயிருள்ள மிகச் சிறிய துணிக்கை. எப்போது பிரிந்து பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டளை ஒவ்வொரு கலத்துக்குள்ளும் எழுதப்பட்டிருக்கிறது. புகையிலை, சில வைரஸ்கள், வயது, சிலருக்குப் பரம்பரை என்று பல காரணங்களால் அந்த எழுத்தில் பிழைகள் சேர்கின்றன. போதுமான பிழைகள் சேர்ந்த ஒரு கலம் ‘நிறுத்து’ என்ற சொல்லைக் கேட்காமல் பெருகிக்கொண்டே போகிறது. அதுதான் புற்றுநோய்.

வயலில் கோரையைப் பார்த்தவர்களுக்கு இது கஷ்டமில்லை. ஒரு மூலையில் நாலு கோரை நின்றால் கையாலேயே பிடுங்கலாம். விட்டால் அந்தப் பாத்தி முழுக்கப் பரவும். இன்னும் விட்டால் தண்ணீரோடு போய் அடுத்த வயலிலும் முளைக்கும். புற்றுநோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை வைத்தியர்கள் ஒன்று முதல் நான்கு வரை நிலைகளாகச் சொல்கிறார்கள். முதல் நிலையில் தொடங்கிய இடத்திலேயே சிறிதாக நிற்கும். இடையில் உள்ள நிலைகளில் பெரிதாகி, அக்குளில் நெறி கட்டுவது போல அருகிலுள்ள இடங்களுக்குப் போகும். நான்காம் நிலையில் எலும்பு, ஈரல், நுரையீரல் என்று தூரத்து உறுப்புகளில் முளைத்திருக்கும். அமெரிக்கப் பதிவேடுகளைப் பார்த்தால், மார்பகத்துக்குள் மட்டும் இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்ட பெண்களில் ஐந்து ஆண்டுக்குப் பின் உயிரோடிருப்பவர்கள் ஏறத்தாழ 99 வீதம். தூரத்துக்குப் பரவிய பிறகு அது 30 வீதமளவுக்கு இறங்கிவிடுகிறது. நோய் அதேதான், பார்த்த நேரம்தான் வேறு.

பல புற்றுநோய்களுக்கு முளைக்குமுன் ஒரு நீண்ட முன்கட்டம் உண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எச்.பீ.வி. என்ற வைரஸ் காரணம். அது தொற்றியதிலிருந்து புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும். வாய்ப்புற்றுநோய்க்கு முன்பு கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தோன்றலாம். சிலருக்கு வாய் இறுகி, முன்பு போல அகலத் திறக்க முடியாமல் போகும்.

இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை போடுவதுதான் இங்கே அதற்குப் பெரிய காரணம். “நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்கும் சுண்ணாம்பும்தான்” என்று சொல்கிறவர்கள் நிறைய. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. புகையிலையைச் சேர்த்தால் இன்னும் மோசம், அவ்வளவுதான்.

ஏற்றத்தாழ்வு இங்கேயே தொடங்கிவிடுகிறது. இரவு முழுக்கக் கடலில் தூக்கத்தோடு போராடுகிறவருக்கும், வெயிலில் பசியைத் தள்ளிப்போட்டு வேலை செய்கிறவருக்கும் வெற்றிலை ஒரு கருவி. குளிர்சாதன அறையில் இருக்கிறவருக்கு அந்தத் தேவை இல்லை. ஆக, ஏழையிடம் நோய் முளைக்கும் சாத்தியமும் கூட, அது கண்ணில் படும் நேரமும் பிந்தியது.

## அரிதட்டில் தங்கியதெல்லாம் கல் இல்லை

அடுத்து ஸ்கிரீனிங். அதிகம் குழப்பம் இங்கேதான்.

எந்த நோய்க்குறியும் இல்லாத, சுகமாக இருக்கிற ஆட்களைப் பரிசோதித்து, யாரை மேலும் கவனிக்க வேண்டும் என்று பிரித்தெடுப்பதுதான் ஸ்கிரீனிங். மாவை அரிதட்டில் அரிப்பது போல. தட்டில் தங்கியதெல்லாம் கல் என்று யாரும் சொல்வதில்லை. கட்டிபட்ட மாவாகவும் இருக்கும். கையால் நசுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அந்த நசுக்கிப் பார்க்கும் வேலைக்குப் பெயர் பயொப்சி: சந்தேகமான இடத்திலிருந்து சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. அநேகமாக எல்லாப் புற்றுநோயிலும் ‘ஆம், புற்றுநோய்தான்’ என்று உறுதி சொல்வது அதுதான்.

இதனால் இரண்டு பிழைகள் நடக்கின்றன. ஸ்கிரீனிங்கில் ஏதோ தென்பட்டது என்றவுடன் வீட்டில் சாவு விழுந்தது போல அழுவது ஒன்று. மற்றது, தென்பட்ட பிறகு பயொப்சிக்குப் போகாமலே விட்டுவிடுவது. முதலாவது மனதைக் கெடுக்கும், இரண்டாவது ஆளையே கொல்லும்.

இலங்கையில் இதற்கான இடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1996 முதல் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைப் பெப் பரிசோதனைக்கு, அதாவது கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களைத் தடவி எடுத்துப் பார்ப்பதற்குக் கூப்பிடுகிறார்கள், மார்பகத்தையும் பார்க்கிறார்கள். 2017 முதல் பாடசாலையில் ஆறாம் ஆண்டு மாணவிகளுக்கு எச்.பீ.வி. தடுப்பூசி இரண்டு முறை போடுகிறார்கள். வாயைப் பார்க்க ஒரு டோர்ச் லைட்டும் பழகிய கண்ணும் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்கிரீனிங் கூடக் கூட நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. தென் கொரியாவில் தைரொயிட் சுரப்பியை ஸ்கேன் செய்வது பரவலானதும், 1993ஐ விட 2011இல் தைரொயிட் புற்றுநோய் 15 மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நோயால் இறந்தவர்களின் தொகையோ மாறவே இல்லை. ஒருபோதும் கெடுதல் செய்திராத கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் கத்திக்குப் போனார்கள். எனவே ‘முழு உடம்புப் பரிசோதனை’ என்று விளம்பரம் வந்தால் உடனே ஓட வேண்டாம்.

சுருக்கமாக: கோரையை மூலையில் நிற்கும்போதே பார்ப்பதற்குத்தான் அரிதட்டு. தட்டில் தங்கியதை எடுத்துப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அரித்ததில் பயனில்லை.

## வழியில் எங்கெல்லாம் கசிகிறது

இனி அந்த இரண்டாவது பெண்ணோடு நடந்து போவோம். வயது 46, வெருகல் பக்கத்து ஈச்சிலம்பற்று. ஆள் கற்பனை. வழியில் வருகிற எதுவும் கற்பனை இல்லை என்பது இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும்.

குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. நோகவில்லை. நோகாதது ஆபத்தில்லை என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். பல்வலி, வயிற்றுவலி எல்லாம் அப்படித்தானே. மார்பகப் புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. முதல் கசிவு இங்கே. இதை மட்டும்தான் ‘விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லலாம்.

இரண்டாவது, யாரிடம் சொல்வது? மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. ‘கான்சர் குடும்பம்’ என்று பெயர் வந்தால் பேச்சு நின்றுவிடும். பேசாமல் பரிகாரியிடம் எண்ணெய் வாங்கிப் பூசுகிறார். ஒரு மாதம் போகிறது. பிறகு அறுவடை. அந்தக் கூலியை விட்டால் பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கு வேறு வழியில்லை. இன்னும் இரண்டு மாதம்.

ஊர் வைத்தியசாலைக்குப் போகிறார். மேசைக்கு அப்பால் மகன் வயதில் ஒரு டொக்டர், பின்னால் நீண்ட வரிசை. “என்னம்மா செய்யுது?” “தலையிடி, சேர்.” பனடோலோடு வீடு வருகிறார். ஊரில் இதைச் சிரிப்புக் கதையாகவும் சொல்வார்கள். எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை.

கடைசியில் ஒரு பெண் டொக்டரிடம் காட்டி, திருகோணமலைக்குக் கடிதம் கிடைக்கிறது. முதல் பஸ் பிடித்துப் போனால் கிளினிக் நாள் வேறு. அடுத்த கிழமை மீண்டும். ஸ்கேனுக்கு ஒரு நாள், பயொப்சிக்கு ஒரு நாள், ரிப்போர்ட் எடுக்க ஒரு நாள். ஒவ்வொரு நாளும் பஸ் காசு, சாப்பாடு, இழந்த கூலி. சிகிச்சை இலவசம், அதை வாங்கப் போகும் வழிக்குத்தான் காசு. ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை வாசித்துச் சொல்ல ஊரில் ஆளைத் தேட வேண்டும். தேடினால் ஊருக்கே தெரிந்துவிடும்.

பிறகு மட்டக்களப்பு அல்லது மகரகம. திருகோணமலை நகரிலிருந்து கொழும்புக்கே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கதிர்வீச்சுச் சிகிச்சை, ஊர்ப் பேச்சில் ‘கரண்ட் பிடிக்கிறது’, வாரத்தில் ஐந்து நாளாகச் சில வாரங்கள் தொடரும். எங்கே தங்குவது? வீட்டில் யார் சமைப்பது? தெற்கே போனால் தனக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று சிங்களத்தில் சொல்வதைத் தலையாட்டிக் கேட்க வேண்டியிருக்கும். தலையாட்டினால் விளங்கியது என்று எழுதிக்கொள்வார்கள்.

வழி பற்றி இன்னொன்று. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதுவரை கடலைத் தாண்டப் ‘பாதை’தான். வெளியூர்க்காரருக்கு இந்தச் சொல் குழப்பும்: இங்கே பாதை என்றால் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி மறுகரை சேர்க்கும் மிதவை. பாலம் வந்து வழி குறுகியது. ஆனால் போரும் இடப்பெயர்வும் நடந்த ஆண்டுகளில் அறுந்துபோன கிளினிக் பழக்கம் பாலத்தோடு சேர்ந்து திரும்பி வந்துவிடவில்லை. இது தமிழ், முஸ்லிம் ஊர்களின் கதை மட்டுமல்ல. மொறவெவ, கோமரங்கடவெலப் பக்கத்துச் சிங்கள விவசாயிக்கும் வாய்க்கால் நீளம்தான். அவருக்கு மொழித் தடை மட்டும் குறைவு.

## “கத்தி பட்டால் பரவும்”

இந்த நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது இலேசு. அது எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். ஒரு கிராமத்தில் பத்து ஆண்டில் நாலு பேருக்குப் புற்றுநோய் வந்தது. நாலு பேரும் பிந்தித்தான் போனார்கள். பயொப்சி செய்தார்கள், சத்திர சிகிச்சை செய்தார்கள், சில மாதங்களில் இறந்தார்கள். ஊர் கண்ணால் கண்டது என்ன? கத்தி பட்டது, ஆள் போனது. முதல் நிலையில் போய்க் குணமாகித் திரும்பி வந்த ஒருவர் அந்த ஊரில் இல்லை. இருந்தாலும் அவர் வாய் திறப்பதில்லை, மகளுக்குக் கல்யாணப் பேச்சு.

கையிலிருந்த தகவலை வைத்து ஊர் சரியாகத்தான் யோசித்தது. தகவல்தான் ஒரு பக்கமாக வந்து சேர்ந்தது. அதாவது ஏற்றத்தாழ்வு பயத்தை உண்டாக்குகிறது, அந்தப் பயம் அடுத்த ஆளையும் பிந்த வைக்கிறது. பதாகை இந்தச் சுழலை உடைக்காது. சுகமாகித் திரும்பிய ஒரு பக்கத்து வீட்டுக்காரி பேச முன்வந்தால் அது உடையத் தொடங்கும்.

## வட்டவிதானையின் வேலை

இப்போது ‘அவுட்ரீச்’ என்ற சொல்லுக்கு வரலாம். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவும் துண்டுப்பிரசுரமும் அவுட்ரீச் என்று பலர் நினைக்கிறார்கள். அவை அறிவித்தல் மட்டுமே. சேவை தானே ஆட்களைத் தேடிப் போவதும், கண்டுபிடித்தவரைச் சிகிச்சை முடியும் வரை கைவிடாமல் கூட்டிச் செல்வதும் சேர்ந்ததுதான் அவுட்ரீச். இரண்டாவது பாதியை வெட்டிவிட்டால் அது அவுட்ரீச் இல்லை.

கிழக்கில் வயல் செய்கிறவர்களுக்கு வட்டவிதானையைத் தெரியும். வாய்க்கால் வழியே நடந்து எங்கே உடைந்தது, எங்கே அடைத்தது, யாருடைய வயலுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அவர் புதிதாகக் குளம் கட்டுவதில்லை. இருக்கிற தண்ணீரைக் கடைசி வயலுக்குக் கொண்டுபோகிறார்.

புற்றுநோயில் இந்த வேலைக்கு ஒரு பெயர் உண்டு: நோயாளி வழித்துணை. நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்த ஹரோல்ட் ஃப்ரீமன் 1990இல் இதைத் தொடங்கினார். அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் வறிய கறுப்பினத்தவர்கள். 1986 வரையான 22 ஆண்டுகளில் அந்த வைத்தியசாலைக்கு வந்த மார்பகப் புற்றுநோயாளர் 606 பேரில் ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் 39 வீதம்தான். ஏறத்தாழப் பாதிப் பேர் முற்றிய நிலையில் வந்தவர்கள். அவர் இலவச ஸ்கிரீனிங்கோடு நிற்கவில்லை. சந்தேகம் வந்த ஒவ்வொருவருக்கும் அதே பகுதியைச் சேர்ந்த ஒருவரைத் துணையாகக் கொடுத்தார். கடிதம், காசு, திகதி, பயம் எல்லாவற்றுக்கும் அந்த ஆள் கூட நின்றார். 1995 முதல் 2000 வரை வந்தவர்களில் ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் 70 வீதமானார்கள். இடையில் மருந்துகளும் முன்னேறின என்பது உண்மை. ஆனால் முற்றிய நிலையில் வந்தவர்களின் விகிதமும் குறைந்தது. அதற்கு எந்த மருந்தும் காரணமாக இருக்க முடியாது.

அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் 2002 முதல் பெருங்குடல் புற்றுநோய்க்கு இதையே செய்தார்கள். பரிசோதனைக்குக் காசு, சிகிச்சைக்குக் காசு, கூட்டிப் போக வழித்துணைத் தாதி. 2009இல் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் பரிசோதனை செய்துகொண்ட வீதம் சமமாகிவிட்டது, இரண்டுக்கும் 74. ஏற்றத்தாழ்வு தலையெழுத்து இல்லை என்பதற்கு இதை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

## நமக்குத் தெரிந்த வித்தைதான்

அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கி, வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், நமது ‘மிட்வைஃப் மிஸ்’, நாடெங்கும் பரவினார். 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது 50க்கும் கீழே. வைத்தியசாலைகளும் மருந்தும் இதில் பெரும் பங்கு வகித்தன. ஆனால் எந்த வீட்டில் யார் எத்தனை மாதம் என்று கொப்பியில் எழுதி வைத்து நடந்த கால்கள் இல்லாமல் இது முடிந்திருக்காது. அவுட்ரீச் நமக்குப் புதுச் சரக்கு இல்லை.

புற்றுநோயிலும் இது வேலை செய்யும் என்பதற்குப் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் தாதியர் வினாகிரியை ஒத்த அமிலத்தைக் கருப்பைக் கழுத்தில் தடவி, நிறம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். மாற்றம் தெரிந்தால் தொடர் சிகிச்சை. 2007இல் வந்த முடிவின்படி, அந்தப் பெண்களிடையே அப்புற்றுநோய் மரணம் 35 வீதம் குறைந்திருந்தது. திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 வீதம் குறைந்ததாக 2005இல் வெளிவந்தது.

1984இல் வெளிவந்த ஓர் இலங்கை ஆய்வு எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். சுகாதாரப் பணியாளர் 34 பேர் ஒரே வருடத்தில் 28,000க்கு மேற்பட்டோரின் வாயைப் பார்த்தார்கள். கண்டுபிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்களாகவே இருந்தார்கள். ஆனால் சந்தேகத்தோடு மேல் கிளினிக்குக்கு அனுப்பப்பட்டவர்களில் போய்ச் சேர்ந்தவர்கள் ஏறக்குறையப் பாதிதான். மீதிப் பேர் வழியில் எங்கேயோ நின்றுவிட்டார்கள். முகாம் போடும் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

## திருகோணமலைக்கு ஒரு நாட்காட்டி

இங்கே அவுட்ரீச் செய்வதென்றால் முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். உலகம் ஒக்டோபரை மார்பகப் புற்றுநோய் மாதம் ஆக்கியிருக்கிறது. நமக்கு அது பெரும்போக விதைப்புக் காலம். கூலிக்குப் போகிற பெண்கள் வயலில் நிற்க, மண்டபத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கும் வாரங்களில் கிளினிக் நாளை வைத்தால் வருகிற ஆட்களே வேறாக இருப்பார்கள். கடற்தொழிலாளருக்குக் கணக்கு வேறு: வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் அவர்கள் கரையில். டோர்ச் லைட்டோடு வாடிக்குப் போக அதுதான் காலம். அவர்களை மண்டபத்துக்குக் கூப்பிட வேண்டாம், வர மாட்டார்கள்.

கிண்ணியாவில், மூதூரில் பரிசோதிப்பவர் பெண் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். ஜும்ஆ முடிவில் பள்ளிவாசலில் ஒரு வார்த்தை சொன்னால் கணவன்மார் காதில் விழும்; மனைவியை அனுப்புவதா என்ற முடிவு பல வீடுகளில் அவர்களிடம் இருக்கிறது. தமிழ் ஊர்களில் கோயில் திருவிழாவும் மாதர் சங்கக் கூட்டமும் அதே வேலையைச் செய்யும். பெப் பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டதும் ‘அங்கே’ பார்ப்பார்கள் என்ற கூச்சம் எல்லாச் சமூகத்திலும் ஒன்றுதான். ஏற்கெனவே செய்துகொண்ட மச்சாள் ஒருத்தி கூட வந்தால் அது பாதியாகும்.

பிறகு கொப்பி. முகாம் முடிந்ததும் ‘300 பேர் கலந்துகொண்டனர்’ என்று எழுதுவதில் ஒன்றுமில்லை. எத்தனை பேர் மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேர் போனார்கள், போகாதவர் வீட்டுக் கதவை யார் தட்டினார்கள் என்று எழுத மூன்று நிரல் கூடப் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுநோய்க்கு வைத்திருக்கும் அளவுகோல் இந்த இடத்தில் உதவும்: நோயாளரில் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் முதல் இரண்டு நிலைகளில் கண்டுபிடிக்கப்பட வேண்டும், முதன்முதல் வந்து காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும், 80 வீதத்துக்கு மேற்பட்டோர் சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். நமது ஈச்சிலம்பற்றுப் பெண்ணுக்கோ, முதன்முதல் வந்து காட்டுமுன்பே, அறுவடை முடிவதற்குள் 60 நாளுக்கு மேல் ஓடியிருக்கும்.

வீட்டில் 35 அல்லது 45 வயதில் யாராவது இருந்தால், சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டால் போதும். வெற்றிலை போடுகிற அப்பாவையோ மாமாவையோ வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். வெள்ளை, சிவப்புத் திட்டோ, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் பல் கிளினிக்கில் காட்டலாம். நாக்கைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பார்க்க மறக்க வேண்டாம், அங்கேதான் கண் தவறும்.